ஒற்றைக் கியர், ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்குச் செயின் எடுப்பது எப்படி

சைக்கிள் கடையில் போய் நின்று “அண்ணே, ஒரு செயின் குடுங்க” என்றால், “எந்த வண்டிக்குத் தம்பி?” என்றுதான் முதல் கேள்வி வரும். பார் வைத்த பெரிய சைக்கிள் என்றால் ஒரு டப்பா, கியர் சைக்கிள் என்றால் இன்னொரு டப்பா. பழைய சட்டத்தை உரித்து பெயின்ட் அடித்து, முன்னால் கியர் சைக்கிளின் கிராங்க், பின்னால் எங்கிருந்தோ வாங்கிய ஃபிக்ஸட் ஹப் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும் வகை) என்று ஒட்டுப்போட்ட வண்டிக்கு அந்தக் கேள்வியில் பதில் கிடையாது. அதனால் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள். கிராங்கில் உள்ள பல்சக்கரம் முன்பல், பின் ஹப்பில் உள்ளது பின்பல்; இந்த இரண்டின் தடிமனையும், எத்தனை கண்ணி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். செயினைத் தீர்மானிப்பது பற்கள்தான், பிராண்டு அல்ல.

ஒரு கண்ணியின் ஆணியிலிருந்து, அதாவது பின்னிலிருந்து, அடுத்த பின்வரை உள்ள தூரம் எல்லாச் சைக்கிள் செயினுக்கும் ஒன்றே: அரை அங்குலம், 12.7 மி.மீ. மாறுவது உள் அகலம். ஒற்றைக் கியருக்கு இரண்டு அகலங்கள் உண்டு. ஒன்று 1/8 அங்குலம், அதாவது சுமார் 3.2 மி.மீ. நம்மூர்ப் பெரிய சைக்கிள், பால்கேன் கட்டிய சைக்கிள், சின்னப்பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள், பந்தயத் தடத்தில் ஓடும் ட்ராக் சைக்கிள் எல்லாவற்றிலும் இதுதான். இன்னொன்று 3/32 அங்குலம், சுமார் 2.4 மி.மீ. பின்னால் 5 முதல் 8 பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிள் செயின் இந்த அகலம். 9 கியரிலிருந்து மேலே போனால் இன்னும் ஒடுங்கி 2.2 மி.மீ. அளவுக்கு வந்துவிடும். அதை ஒற்றைக் கியரில் போட ஒரு காரணமும் இல்லை.

பல்லின் தடிமனை வெர்னியரால் அளந்தால் ஒரு நிமிட வேலை. 3/32 பல் 2.1 அல்லது 2.2 மி.மீ. இருக்கும், 1/8 பல் 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பல்லின் நுனியை அளக்காதீர்கள், நுனி எல்லாப் பல்லிலும் ஒல்லிதான். செயினின் உருளை, அதாவது ரோலர், உட்காரும் பள்ளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வெர்னியர் இல்லையா? கடையில் கழித்துப் போட்ட 7 கியர், 8 கியர் செயின் துண்டு கிடக்கும். ஒரு சாண் வாங்கி வந்து பல்லின் மேல் படுக்க வையுங்கள். அடிவரை இறங்கி உட்கார்ந்தால் அந்தப் பல் 3/32. தோள்மேல் ஏறி நின்றால் 1/8.

இனிக் கணக்கு எளிது. இரண்டு பல்லும் 1/8 என்றால் 1/8 செயின், வேறு வழியே இல்லை. ஒன்று 1/8, மற்றது 3/32 என்றாலும் 1/8 செயின்தான். அகலமான செயின் ஒல்லிப் பல்லில் ஓடும், கொஞ்சம் சளசளக்கும், அவ்வளவே. ஒல்லிச் செயின் தடித்த பல்லில் இறங்காது. இறங்காத செயினை மிதித்து இறக்கிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் மேட்டிலேயே அது பல்லைவிட்டு எகிறும். இரண்டு பல்லும் 3/32 என்றால் எதையும் போடலாம். ஃப்ரீவீல் வண்டிக்கு, அதாவது மிதிக்காமல் விட்டாலும் சக்கரம் உருளும் வண்டிக்கு, ஒரு சாதாரண 8 கியர் செயின் இலகுவாக ஓடும். ஃபிக்ஸட் வண்டிக்கு மட்டும் அப்போதும் 1/8 நல்லது. கியர் செயின் பக்கவாட்டில் வளைந்து ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்காகவே செய்யப்பட்டது. ஃபிக்ஸட் வண்டியில் நமக்கு வேண்டியது தாவாத செயின்.

இதே காரணத்தால் முன்பல்லையும் ஒருமுறை பாருங்கள். கியர் கிராங்கிலிருந்து எடுத்த முன்பல்லில் சில பற்கள் மட்டும் குட்டையாக, சாய்வாக வெட்டியிருக்கும். உட்பக்கம் சின்னச் சின்னக் குமிழ் ஆணிகளும் இருக்கலாம். செயின் ஏறி இறங்க வழிசெய்யும் அமைப்பு அது. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல செயின் வாங்கினாலும் கழன்று விழும்.

கடைக்காரரும் டப்பாவும் முதலில் பேசுவது வலிமையைத்தான். கணக்குப் போட்டால் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. 70 கிலோ ஆள் எழுந்து நின்று, தன் முழு எடையையும் 170 மி.மீ. கிராங்கில் போடுகிறார் என்று வையுங்கள். 46 பல் முன்பல்லின் ஆரம் 93 மி.மீ. செயினில் வரும் இழுப்பு 70 × 170 ÷ 93, சுமார் 128 கிலோ. முன்பல்லை 32 ஆகக் குறைத்தால் ஆரம் 65 மி.மீ.க்குச் சுருங்கி இழுப்பு 183 கிலோவாக ஏறும். ஒழுங்கான எந்தச் சைக்கிள் செயினும் 800 கிலோ அளவுக்குத் தாங்கும். ஆக, மிதித்து அறுப்பது அபூர்வம். செயின் அறுகிறது என்றால் இணைத்த இடத்தில் பின் சரியாக உட்காரவில்லை, அல்லது கோணலாக ஓடி பிளேட் வாய் பிளந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்துக் கண்ணி இறுகியிருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது தேய்மானம் தாங்கும் தன்மையை.

தேய்மானம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் டப்பாவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். செயின் நீளுகிறது என்கிறோமே, இரும்பு நீளுவதில்லை. பின்னும் அது சுழலும் துளையும் உராய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் முடி அளவு இடைவெளி விழுகிறது. 98 கண்ணிச் செயினில் எல்லா மூட்டின் இடைவெளியும் சேர்ந்தால் கால் அங்குலம். பின்னைச் சுற்றி முழு நீளத்துக்கும் குழல், அதாவது புஷ், உள்ள செயினில் உராய்வு பரவலாக விழும், தேய்மானம் மெதுவாகும். இப்போது வரும் பெரும்பாலான செயின்களில் தனிக் குழல் கிடையாது. உள்பிளேட்டின் துளை விளிம்பையே மடித்து அரைக்குழலாக விட்டிருப்பார்கள். கியர் சைக்கிளுக்கு அது வசதி, பக்கவாட்டில் வளையும். நேர்கோட்டில் ஓடும் ஒற்றைக் கியருக்கு முழுக்குழல் செயின் கிடைத்தால் விடாதீர்கள்.

அன்றாட ஓட்டத்துக்கு நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் டைமண்ட் மாதிரியான 1/8 செயின் தாராளமாகப் போதும். அதே அகலத்தில் தைவானின் கேஎம்சி இசட்410 கிடைக்கும், 112 கண்ணி. கேஎம்சியின் கே1 பிளேட் தடித்தது. குதித்து, கல்லில் உரசி ஓட்டும் பிஎம்எக்ஸ்காரர்களுக்கானது. ஜப்பானின் இசுமி, அங்கே நடக்கும் கெய்ரின் என்ற ட்ராக் சைக்கிள் பந்தயத்துக்கு அங்கீகரித்த செயின்களில் ஒன்று. அழகான வேலைப்பாடு. ஆனால் மதுரைத் தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிற வண்டிக்கு அது பட்டுவேட்டி.

வண்ணச் செயின் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். வண்ணம் வெளிப்பிளேட்டில்தான் இருக்கும், பல் படுகிற இடத்தில் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். நிக்கல் பூச்சு மழைக்கு உண்மையிலேயே உதவும். ஐப்பசி மழையில் நனைந்து இரவு முழுக்க வாசலில் நிற்கிற வண்டியில் பூச்சில்லாத செயின் காலையில் செம்பட்டையாகியிருக்கும்.

எல்லாக் கண்ணியும் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, வளைந்த பிளேட்டாக வரும் ‘ஹாஃப்-லிங்க்’ செயின் ஒன்று உண்டு. பார்க்க மிரட்டலாக இருக்கும். எடை அதிகம். வளைந்த பிளேட் இழுப்பில் நிமிரப் பார்க்கும் என்பதால் சீக்கிரம் தளரும். முழுச் செயினாக வாங்காதீர்கள். ஒரே ஒரு ஹாஃப்-லிங்க் கண்ணி தனியாகக் கிடைக்கும், அதற்கு வேறு பயன் இருக்கிறது.

நீளத்துக்கு வருவோம். பிபி ஆக்சில், அதாவது கிராங்க் சுற்றும் அச்சு, அதன் மையத்திலிருந்து பின்சக்கர ஆக்சில் மையம்வரை அங்குலத்தில் அளவெடுங்கள். அளக்கும்போது பின் ஆக்சில், அது நுழைந்து நகரும் சட்டத்தின் வெட்டில் நடுவுக்கு முன்னால் இருக்கட்டும். அந்த அளவை 4 ஆல் பெருக்குங்கள். முன்பல், பின்பல் எண்ணிக்கையைக் கூட்டி அதில் பாதியைச் சேருங்கள். இன்னும் 1 சேருங்கள். வருகிற எண்ணை அடுத்த இரட்டைப்படைக்கு ஏற்றுங்கள், ஏற்கெனவே இரட்டையாக இருந்தால் அப்படியே விடுங்கள்.

ஃபிக்ஸட் வண்டியில் தூரம் 16.5 அங்குலம், பற்கள் 46, 16. 66, அதோடு 31, அதோடு 1. ஆக 98 கண்ணி. பார் வைத்த பெரிய சைக்கிளில் தூரம் 18.5 அங்குலம், பற்கள் 44, 18 என்றால் 74, 31, 1. ஆக 106. இரண்டுக்குமே 112 கண்ணி டப்பா போதும். பழைய செயினில் மிச்சமிருந்த ஒரு முழத்தைப் புதுச் செயினோடு ஒட்டி நீளமாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்ந்த கண்ணியும் தேயாத கண்ணியும் ஒரே பல்லில் ஒத்துப்போகாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு ‘கட்’ கேட்கும்.

இரட்டைப்படை ஏன் என்றால், ஒரு கண்ணி உள்பிளேட், அடுத்தது வெளிப்பிளேட் என்று மாறி மாறி வருவதால் ஒற்றைப்படையில் இரு முனையும் இணையாது. 2 கண்ணி கூட்டினாலோ குறைத்தாலோ பின் ஆக்சில் அரை அங்குலம், 12.7 மி.மீ. நகரும். வெட்டு நீளமான சட்டத்தில் இது பிரச்சினையே இல்லை. வெட்டு குட்டையாக இருந்து ஒன்று இறுக்கம், இல்லை தளர்வு என்று இரண்டுங்கெட்டானாக நின்றால்தான் அந்த ஒற்றை ஹாஃப்-லிங்க். அது ஆக்சிலை 6 மி.மீ. நகர்த்தும். அதற்குப் பதில் பின்பல்லில் ஒரு பல் கூட்டிக் குறைத்தால் 3 மி.மீ. நகரும். எது கைவசம் இருக்கிறதோ அது.

ஆக்சிலுக்குப் பின்னால் வெட்டில் இடம் விடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 98 கண்ணிச் செயின் 1 சதவீதம் தேய்ந்து கழிக்கிற நிலைக்கு வருவதற்குள் ஆக்சிலை மொத்தம் 6 மி.மீ. பின்னுக்கு இழுத்திருப்பீர்கள். புதுச் செயினிலேயே ஆக்சில் வெட்டின் கடைசியில் நின்றால், பாதி ஆயுளிலேயே செயின் தொங்கத் தொடங்கும்.

வெட்டும்போது பலரும் தவறுவது ஒரு கண்ணியில்தான். இரு முனையையும் இணைக்கும் செயின் லாக் என்பதே ஒரு வெளிக்கண்ணி, அதுவும் கணக்கில் சேரும். 98 வேண்டுமென்றால் கையில் 97 கண்ணி இருக்க வேண்டும், இரு முனையிலும் ரோலர் உள்ள உள்கண்ணி இருக்க வேண்டும். லாக் 98ஆவது. வெட்டும் முன் செயினை இரண்டு பல்லிலும் சுற்றிப் பிடித்துப் பார்த்து, வெட்டுகிற பின்னில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பின்னைச் செயின் கட்டரால் தள்ளலாம். கடையில் நட்டின் மேல் செயினை வைத்து, பஞ்ச்சால் ஒரே தட்டில் இறக்கிவிடுவார்கள், 1/8 செயினுக்கு அதுவும் சரிதான். தள்ளிய பின்னையே திரும்ப அடித்து இணைப்பதுதான் தப்பு. பின்னின் நுனி விரிந்திருப்பதுதான் பிளேட்டைப் பிடித்துவைக்கிறது. ஒருமுறை துளையைத் தாண்டி வெளியே வந்த பின்னில் அந்த விரிவு போய்விடும். லாக் போடுங்கள்.

கிளிப் லாக்கில் கிளிப்பின் திசை முக்கியம். அது மீன் வடிவில் இருக்கும், ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். செயின் ஓடுகிற திசையில் தலை முன்னால் போக வேண்டும். வால் முன்னால் போனால், எங்காவது குச்சியோ கயிறோ உரசும்போது கிளிப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். மேல்வரிசைச் செயின் முன்னோக்கி ஓடுகிறது, கீழ்வரிசை பின்னோக்கி. மேலே மாட்டினால் தலை முன்சக்கரத்தைப் பார்க்கட்டும், கீழே மாட்டினால் பின்சக்கரத்தைப் பார்க்கட்டும். ஃபிக்ஸட் வண்டியில் பின்னுக்கு மிதித்து நிறுத்துவதால் கிளிப்பைத் திருப்பிப் போட வேண்டுமோ என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பின்னுக்கு அழுத்தினாலும் வண்டி முன்னால்தான் போகிறது, செயினும் அதே திசையில்தான் ஓடுகிறது. இழுப்பு மட்டும் மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசைக்கு மாறுகிறது. கிளிப்பை மாட்டிய பின், அதன் இரண்டு கால்களும் பின்னின் காடியில் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். 1/8 லாக் 1/8 செயினுக்கு மட்டும், 3/32 லாக் அதில் ஏறாது.

நேர்கோடு பார்க்காமல் செயினை மாட்டினால் புதுச் செயினும் கரகரக்கும். முன்பல்லின் நடுவிலிருந்து சீட் குழாயின் மையம்வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். பின்னால், ஹப்பின் இரு பக்க லாக்நட் வெளிமுகங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை எடுத்து, வலப்பக்க லாக்நட்டின் முகத்திலிருந்து பின்பல்லின் நடுவரை உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். 120 மி.மீ. ட்ராக் ஹப்பில் அந்தத் தூரம் 18 என்றால் 60 − 18, அதாவது 42 மி.மீ. முன்பல்லும் 42ல் நின்றால் பிரமாதம். 2 மி.மீ. வித்தியாசம்வரை ஓடும். அதற்கு மேல் என்றால் பிபி ஆக்சிலை மாற்றியோ, பல்லுக்கு அடியில் வாஷர் வைத்தோ சரிசெய்யுங்கள். மலைச் சைக்கிள் கிராங்கை ட்ராக் ஹப்போடு சேர்த்த வண்டிகளில் இது 8 மி.மீ. வரைகூடப் பிசகும்.

இறுக்கம் பார்க்க, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி கிராங்கை மெல்லச் சுற்றுங்கள். எந்த முன்பல்லும் முழு வட்டம் இல்லை. ஓரிடத்தில் செயின் இறுகும், அரைச்சுற்றில் தளரும். இறுகுகிற இடத்தில் நிறுத்தி, நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மொத்த ஆட்டம் 10 முதல் 15 மி.மீ. இருக்கட்டும். ஃபிக்ஸட் வண்டிக்கு 10 பக்கம், ஃப்ரீவீலுக்கு 15 பக்கம். தம்புராத் தந்தி மாதிரி விறைப்பாக வைத்தால் பேரிங் அரைபடும், மிதிக்கவும் கனக்கும். பின்சக்கர நட்டை இறுக்கும்போது வலப்பக்கத்தை முதலில் லேசாகப் பிடித்து, சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து இடப்பக்கத்தை இறுக்கி, பிறகு வலப்பக்கத்தை முழுதாக இறுக்குங்கள். பெரிய சைக்கிளில் செயின் அட்ஜஸ்டர் இருந்தால் இந்தக் கூத்து குறையும்.

ஃபிக்ஸட் வண்டியில் தளர்ந்த செயின் விளையாட்டல்ல. சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே செயின் கழன்று பின்பல்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்கினால், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கழன்று தொங்கினால், காலால் நிறுத்தவே முடியாது. முன் பிரேக் இல்லாமல் ஃபிக்ஸட் ஓட்டாதீர்கள். இன்னொன்று: ஃப்ரீவீலை வெல்டிங் வைத்து ஃபிக்ஸட் ஆக்கித் தருகிறோம் என்பார்கள். பின்னுக்கு அழுத்தும்போது அந்தப் பல் மரையில் கழன்று வரும். ஃபிக்ஸட் ஹப்பில் பல்லுக்கு வெளியே எதிர்மரையில் ஒரு லாக்ரிங் இருப்பதே அது கழலாமல் பிடிக்கத்தான். ஆக்சிலைப் பின்னுக்கு நகர்த்த முடியாத, செங்குத்து வெட்டுள்ள கியர் சட்டத்தில் செயினை இறுக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் வைத்து ஃபிக்ஸட் ஓட்டுவதும் இதே கதை. ஃப்ரீவீலுக்கு அது சரி. ஃபிக்ஸட் வண்டியில் கீழ்வரிசையில் இழுப்பு வந்ததும் டென்ஷனர் மடங்கும்.

எண்ணெயில் மதுரைக்கு மதுரைக் கணக்கு. திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல். மழை விழுந்தால் செயினில் அப்பிக்கொண்டு, காய்ந்ததும் சிமெண்டாகிவிடும். மேலூர்ப் பக்கச் செம்மண்ணில் மணல் கலந்திருப்பதால் அது உப்புத்தாள். இரண்டுக்கும் எதிரி எண்ணெயின் மிகுதிதான். கிரீஸ் அப்புவதும், ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவதும் மண்ணைச் சேர்த்து அரைக்கும் பசை காய்ச்சுவதற்குச் சமம். தேங்காய் எண்ணெய் மார்கழி அதிகாலையில் உறைந்து நிற்கும். தையல் மெஷின் எண்ணெய் உள்ளே நன்றாக இறங்கும், ஆனால் வாரம் தவறாமல் விட வேண்டும். ஒரு ரோலருக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். கிராங்கை இருபது சுற்று சுற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பழைய பனியன் துணியால் வெளியே ஈரமே இல்லாமல் துடையுங்கள். கைவைத்தால் கறை ஒட்டக் கூடாது. புதுச் செயினில் ஆலையில் போட்ட கிரீஸ் இருக்கும். டீசலில் அலசி அதை எடுத்துவிடாதீர்கள், உள்ளே அதைவிட நல்லது எதுவும் போகாது. மேற்புறத்தை மட்டும் துடைத்தால் போதும்.

எப்போது மாற்றுவது என்று பார்க்க ஓர் இரும்பு ஸ்கேல் போதும். செயின் இறுக்கமாக இருக்கும்போது ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். 24 கண்ணி தள்ளி வருகிற பின்னின் நடு, புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில், 304.8 மி.மீ.யில் நிற்கும். 306.3 மி.மீ.க்கு வந்தால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது. 3/32 செயினை இங்கேயே மாற்றினால் பல் தப்பும். 1/8 செயினைத் தடித்த பல்லில் 308 மி.மீ. வரை ஓட்டலாம், அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் பல் கொக்கிபோல ஒருபக்கம் வளைந்துவிடும். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் ரோலர் பள்ளத்தில் உட்காராமல் ஏறி ஏறி இறங்கும், அழகர்கோவில் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது வழுக்கும். செயினைக் குறை சொல்லிப் பயனில்லை, பல்லையும் மாற்ற வேண்டியதுதான். ஃபிக்ஸட் பின்பல்லிலும் போல்ட் போட்ட முன்பல்லிலும் பல, திருப்பிப் போடக் கூடியவை. ஒருபக்கம் வளைந்ததும் மறுபக்கம் திருப்பினால் இன்னொரு செயினுக்கு உழைக்கும். காட்டர் பின் கிராங்கோடு ஒட்டி வரும் முன்பல்லில் அந்த வசதி கிடையாது.

வெட்டி மிஞ்சிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருந்து ஓர் உள்கண்ணியையும், தனியாக வாங்கிய இரண்டு லாக்கையும், ஒரு சின்னச் செயின் கட்டரையும் சீட்டுக்கு அடியில் கட்டிவையுங்கள். வழியில் வெளிப்பிளேட் உடைந்தால் அந்தக் கண்ணியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு லாக் போட்டால் வேலை முடிந்தது. உள்கண்ணி உடைந்தால் அதையும் அதன் இரு பக்க வெளிக்கண்ணிகளையும் எடுக்க வேண்டிவரும். லாக், உள்கண்ணி, லாக் என்று அந்த மூன்றையும் அதே வரிசையில் மாட்டினால் நீளம் மாறாது, ஆக்சிலைத் தொட வேண்டியதும் இல்லை.